செடியைத் தேடுங்கள், பூச்சி தானாகத் தெரியும்

(நம் நலச்சங்கத்தின் கோடைக்காலக் குடும்பச் சந்திப்பில் மொட்டை மாடியில் பேசியதன் எழுத்து வடிவம்)

கீழே பானகமும் சுண்டலும் தயாராக இருப்பது எனக்கும் தெரியும். செயலாளர் அண்ணாச்சி கொடுத்த நேரத்தைத் தாண்ட மாட்டேன்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் குடியிருப்பிலிருந்து 14 பேர் ஸ்ரீவைகுண்டம் போய் ஓர் இயற்கை நடை நடந்து வந்தோம். அதில் 5 பேர் பிள்ளைகள். அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். போகும் முன்பு பலரும் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கத்திரி வெயிலில் அங்கே என்ன சார் இருக்கும்?" நியாயமான கேள்வி. நம் பக்கத்தில் வண்ணத்துப்பூச்சிகள் அதிகம் பறப்பது வடகிழக்குப் பருவமழை பெய்து செடிகொடிகள் தழைக்கும் மாதங்களில்தான். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் வலசைப் பறவைகளும் ஏப்ரல் முடிவதற்குள் பெரும்பாலும் திரும்பிவிடும். மே மாதத்தில் மிச்சம் இருப்பவை இந்த மண்ணிலேயே பிறந்து, இங்கேயே வெயிலைத் தாங்கி, இங்கேயே குஞ்சு பொரிப்பவை. நம்மைப் போல நிரந்தரக் குடியிருப்போர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல மாதம் கிடையாது.

திருநெல்வேலியில் திருச்செந்தூர் ரயிலைப் பிடித்தோம். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் இறங்கியதும் பெரியவர்கள் கொஞ்ச நேரம் அமைதியாக நின்றார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் இதே ஸ்டேஷனில் நின்று, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தின் நடுவில் சிக்கியிருந்தது நம் யாருக்கும் மறக்காது. அன்று கடல்போல் கிடந்த இடம், இன்று காய்ந்த மண்ணும் எருக்கஞ்செடியுமாக இருந்தது. எங்கள் நடை அந்த எருக்கஞ்செடியிலிருந்துதான் தொடங்கியது.

முதலில் ஒரு சின்ன விதி சொன்னேன். "பூச்சியைத் தேடாதீர்கள், செடியைத் தேடுங்கள்." வண்ணத்துப்பூச்சியைத் துரத்தினால் அது நம்மைவிட வேகமாகப் போய்விடும். ஆனால் அது முட்டையிடும் செடி எங்கேயும் ஓடாது. ஒவ்வொரு வண்ணத்துப்பூச்சிக்கும் தன் புழு தின்னக்கூடிய செடிகள் சிலதான் உண்டு. தாய்ப்பூச்சி இலையில் இறங்கி, முன்கால்களால் தட்டிச் சுவை பார்த்து, அதுதான் சரியான செடி என்று உறுதி செய்த பிறகே முட்டை வைக்கும். செடி தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எருக்கைச் சுற்றி நின்றோம். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இலையின் அடிப்பக்கம் குனிந்து பார்த்துவிட்டுக் கத்தினான். வெள்ளை, கருப்பு, மஞ்சள் என்று வரி வரியாக ஒரு புழு, உடம்பில் மூன்று ஜோடிக் கருப்புக் கொம்புகள். வெந்தய வரியன் என்று தமிழில் அழைக்கப்படும் வண்ணத்துப்பூச்சியின் புழு அது. ஆரஞ்சு நிற இறக்கை, ஓரத்தில் கருப்பு, அதில் வெள்ளைப் பொட்டு. நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், பெயர் மட்டும் தெரியாமல் இருந்திருக்கும்.

எருக்கம்பால் விஷம். கண்ணில் பட்டால் ஆபத்து, பிள்ளைகளை ஒடிக்க விடாதீர்கள். ஆனால் இந்தப் புழு அதைத் தின்றே வளர்கிறது. இலையின் நரம்பை முதலில் கடித்துப் பால் வருவதைக் குறைத்துவிட்டு, பிறகு சாவகாசமாகத் தின்னும். அந்த விஷத்தைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை கசப்பு தாங்காமல் துப்பிவிட்டு, அடுத்த முறை அந்த நிறத்தைக் கண்டாலே ஒதுங்கிவிடும். அதனால்தான் வெந்தய வரியன் யாருக்கும் பயப்படாமல் மெதுவாகப் பறக்கிறது.

இதை ஓர் ஏமாற்றுக்காரியும் பயன்படுத்திக்கொள்கிறாள். இன்னொரு இனத்தின் பெண் வண்ணத்துப்பூச்சி, விஷமே இல்லாமல், அச்சு அசலாக வெந்தய வரியனைப் போலவே உடை உடுத்திக்கொண்டு திரியும். அதன் ஆணுக்கு இந்த வேஷம் கிடையாது; அது கருப்பு இறக்கையில் பெரிய வெள்ளைப் பொட்டுகளோடு இருக்கும். அதன் புழு எதைத் தின்னும் தெரியுமா? பருப்புக்கீரை. நம் நடைபாதைக் கல் இடுக்கில் முளைத்தால் களை என்று பிடுங்கி எறிகிறோமே, அதே பருப்புக்கீரை.

எருக்கம்பூவில் பெரிய கருவண்டு ஒன்று ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தது. காய்ந்த மரத்தைத் துளைத்து அதில் கூடு வைக்கும் தனித்தேனீ அது. எருக்கம்பூவில் மகரந்தச் சேர்க்கை நடப்பது பெரும்பாலும் இந்த வண்டால்தான். ஒரே ஒரு செடி. அதைப் பார்த்து முடிக்க எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அடுத்து அணைக்கட்டு. தாமிரபரணியில் இருக்கும் 8 அணைக்கட்டுகளில் கடைசி இதுதான். மற்ற ஏழும் பழையவை. இது மட்டும் 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷார் ஆட்சியில் கட்டப்பட்டது. இதிலிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு வாய்க்கால்கள் பிரிந்து குளங்களுக்கும் வயல்களுக்கும் போகின்றன. கோடையில் ஆறு மெலிந்து போனாலும் அணைக்கு மேல்புறம் தண்ணீர் தேங்கியிருக்கும். அதன்மேல் அமலைச் செடி மெத்தை விரித்ததுபோல் பரவிக் கிடக்கும். அமலை ஆற்றுக்கு நல்லதல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த மெத்தையின் மேல் நடந்துகொண்டிருந்த ஒரு பறவையை அன்று பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

நீளவால் இலைக்கோழி. சாக்லேட் நிற உடம்பு, வெள்ளை முகம், கழுத்தின் பின்புறம் பொன்மஞ்சள், அரிவாள் மாதிரி வளைந்து தொங்கும் நீண்ட வால். அந்த வால் இனப்பெருக்கக் காலத்தில் மட்டும்தான் இருக்கும். குளிர்காலத்தில் போனால் இந்த அழகைப் பார்க்க முடியாது. விரல்கள் மிக நீளமாக இருப்பதால் எடை பரவி, மிதக்கும் இலை அமுங்காது. இந்தப் பறவையில் முட்டையிடுவதோடு தாயின் வேலை முடிந்தது. அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் அப்பாதான். அம்மா அடுத்த துணையைத் தேடிப் போய்விடும். இதைச் சொன்னதும் எங்களோடு வந்திருந்த பி பிளாக் ஆச்சி, "இது நல்லாயிருக்கே, இத்தனை நாள் தெரியாமப் போச்சே!" என்றார்கள். பக்கத்தில் நின்ற தாத்தா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அணைச் சுவரில் கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று உட்கார்ந்திருந்தது. மற்ற மீன்கொத்திகள் கிளையில் உட்கார்ந்து குறி பார்க்கும். இது தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் படபடவென்று சிறகடித்து, அந்தரத்தில் நின்று பார்த்துவிட்டு, கல் விழுவதுபோல் விழும். எதிர்க்கரையில் மண் சரிவில் சின்னச் சின்னப் பொந்துகள். பச்சைப் பஞ்சுருட்டான் கூடு. கம்பியில் உட்கார்ந்து பறக்கும் பூச்சியைப் பிடிக்கும் அந்தச் சின்னப் பச்சைப் பறவை, கூடு வைக்க மட்டும் மண்ணைத் துளைத்து உள்ளே போகும். நாங்கள் பொந்துக்குப் பக்கத்தில் போகவில்லை. தாய் தந்தை உள்ளே வரப் பயந்தால் குஞ்சு பட்டினி.

பாலத்தைக் கடந்து படித்துறைப் பக்கம் வந்தோம். ஈர மணலில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பத்துப் பன்னிரண்டு வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. அவை தண்ணீர் மட்டும் குடிக்கவில்லை, மண்ணில் ஊறியிருக்கும் உப்பையும் உறிஞ்சுகின்றன. பெரும்பாலும் ஆண்கள்தான் இப்படிக் கூடும். பூத்தேனில் இனிப்பு உண்டு, உப்பு கிடையாதே!

படித்துறை நிழலில் காய்ந்த பொடி மண்ணில் புனல் புனலாகக் குழிகள். சின்ன வயதில் நாம் எல்லோரும் ஈர்க்குச்சியால் கிளறிப் பிடித்து விளையாடிய குழிநரி. சிலர் குழியானை என்பீர்கள். பின்பக்கமாகவே நடக்கும் அந்தக் குட்டிப் பூச்சி எறும்புக்காகக் குழி தோண்டிக் காத்திருக்கிறது. அது வளர்ந்ததும் தட்டானைப் போல நான்கு மெல்லிய சிறகுகளோடு பறக்கும் என்று சொன்னபோது பெரியவர்களுக்குத்தான் அதிக ஆச்சரியம். ஐம்பது வருஷமாகப் பார்த்தும் அது என்னவாக ஆகும் என்று நாம் கேட்கவே இல்லை.

அதற்கடுத்து வாழைத் தோட்டங்கள், வரப்பில் பனைகள். வாழைப்பூவில் தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பனை உச்சியைச் சுற்றி வேகவேகமாக வட்டமடித்தவை பனை உழவாரன்கள். அந்தக் குருவியின் கால், நம் மைனாவைப் போலக் கம்பியில் உட்காரவோ தரையில் நடக்கவோ உதவாது. ஒட்டித் தொங்க மட்டும்தான் முடியும். பனையோலையின் அடிப்பக்கத்தில் தன் எச்சிலால் பஞ்சையும் இறகையும் ஒட்டிக் கூடு செய்யும். காற்றில் ஓலை ஆடும்போது விழாமல் இருக்க முட்டையையும் எச்சிலாலேயே ஒட்டி வைக்கும். பனை போனால் அதற்கு வீடு போயிற்று.

பத்தரை மணிக்கு நடையை முடித்தோம். அப்போதே மைனாக்கள் அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. பறவைக்கு வியர்க்காது, அப்படித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். கோடை நடைக்கு ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். எட்டு மணி வரை பறவைகள். வெயில் ஏறி உடம்பு சூடானால்தான் வண்ணத்துப்பூச்சிக்குப் பறக்க முடியும், அதனால் எட்டுக்கு மேல் அவை. தொப்பி, தண்ணீர், முழுக்கைச் சட்டை, ஒரு சின்ன நோட்டு போதும். பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குற்றமில்லை.

இது வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்தினர் 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். அதில் குளம் குளமாகப் போய் எண்ணுகிறவர்களில் கல்லூரி மாணவர்களும் நம்மைப் போன்ற சாதாரண ஆட்களும் நிறையப் பேர். வருஷம்தோறும் ஒரே குளத்தை எண்ணினால்தான் எது கூடுகிறது, எது குறைகிறது என்று தெரியும். அடுத்த ஜனவரிக்கு நம் சங்கத்திலிருந்தும் ஒரு குழு போகலாம்.

இப்போது ஸ்ரீவைகுண்டத்திலிருந்து நம் வாசலுக்கு வருகிறேன். உண்மையில் நான் பேச வந்தது இதைத்தான்.

நடை முடிந்து வந்த மறுநாள் காலை, பால்கனியில் கறிவேப்பிலை பறிக்கப் போனேன். இலையில் காக்கை எச்சம் போல ஒன்று. எப்போதும் போலத் தட்டிவிடக் கை நீட்டினேன். எச்சம் நகர்ந்தது. கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு அது. பறவை தின்னாமல் இருக்கப் பறவை எச்சம் போலவே வேஷம். பெரிதானதும் இலை நிறத்துக்கு மாறிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டி நாற்றம் அடிக்கும். முட்டையிலிருந்து பூச்சியாகப் பறக்க ஏறக்குறைய ஒரு மாதம்.

நான் உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தக் குடியிருப்புக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பச்சைப் புழுவை நான் பார்த்த இடத்திலெல்லாம் நசுக்கியிருக்கிறேன். மருந்தும் அடித்திருக்கிறேன். அதே சமயம், "அந்தக் காலத்தில் எவ்வளவு வண்ணத்துப்பூச்சி, இப்போது ஒன்றையும் காணோம்" என்று பேத்தியிடம் புலம்பியும் இருக்கிறேன். இரண்டையும் ஒரே ஆள், ஒரே பால்கனியில் நின்று செய்திருக்கிறான். இந்த முறை நான்கு கொத்து இலையை அதற்கு விட்டுவிட்டேன். சாம்பாருக்கு ஒரு குறையும் வரவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு காலை அது கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, சிறகு காயும் வரை தொட்டியிலேயே உட்கார்ந்திருந்ததை என் பேத்தி பார்த்தாள்.

அன்றே பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு நம் வளாகத்தை ஒரு சுற்று சுற்றினேன். கிழக்குக் காம்பவுண்டு சுவரை ஒட்டி, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் புதர் மண்டிய ஒரு துண்டு நிலம் இருக்கிறதே, அதில் எருக்கு இருக்கிறது, வெந்தய வரியன் புழுவும் இருக்கிறது. பருப்புக்கீரை இருக்கிறது. கொன்றை மரத்தில் வெளிர்மஞ்சளாகப் பறப்பது கொன்றை வெள்ளையன். மாமரத்தில் முசுறு எறும்பு இலைகளைத் தைத்துக் கூடு கட்டியிருக்கிறது. தைக்கும் நூல் எங்கிருந்து வருகிறது தெரியுமா? தன் குட்டிப்புழுவை வாயில் கவ்வி ஊசிபோல இப்படியும் அப்படியும் ஓட்டும். புழு சுரக்கும் பட்டுதான் நூல். ஏ பிளாக் மூன்றாம் மாடியில் துணிக்கொடியில் தொங்கும் குப்பைப் பொட்டலம், பொட்டலம் அல்ல, தேன்சிட்டுக் கூடு. அந்த வீட்டு அக்கா ஒரு மாதமாக அந்தக் கொடியில் துணி காயப்போடாமல் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கைதட்டல்.

அந்தக் கிழக்குத் துண்டு நிலத்தைச் சுத்தம் செய்து, சிமெண்ட் கல் பதித்து, கார் நிறுத்தும் இடமாக்கும் தீர்மானம் அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. கார் நிறுத்த இடம் இல்லாத கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல, என் காரே பாதி நாள் தெருவில்தான் நிற்கிறது. அதனால் திட்டமே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. சுவரை ஒட்டி நான்கு அடி அகலம் மட்டும் கல் பதிக்காமல் விடுங்கள் என்று கேட்கிறேன். கார் எண்ணிக்கை அதனால் குறையாது. நானே டேப் வைத்து அளந்து பார்த்தேன், வரைபடம் செயலாளர் அண்ணாச்சியிடம் கொடுத்திருக்கிறேன். அந்த நான்கு அடியில் எருக்கும் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஆடுதின்னாப்பாலைக் கொடியும் இருக்கட்டும். மாமரம் இருக்கட்டும். பூச்சிமருந்து மட்டும் அங்கே அடிக்க வேண்டாம்.

உங்கள் மனதில் இரண்டு கேள்வி வரும். ஒன்று, கொசு. கொசு எருக்கில் பிறப்பதில்லை, தேங்கிய தண்ணீரில்தான் பிறக்கிறது. மூடாத தொட்டி, பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, ஏசி தண்ணீர் சொட்டும் வாளி, மாடியில் போட்ட பழைய டயர். வாரம் ஒருமுறை அவற்றைக் கவிழ்த்தாலே பாதிக் கொசு குறையும். தட்டான்கள் பறந்துகொண்டே கொசுவைப் பிடித்துத் தின்னும். நாம் அடிக்கும் புகை, கொசுவோடு தட்டானையும் சேர்த்தே கொல்கிறது.

இரண்டாவது, பாம்பு. பாம்பு எலிக்காக வருகிறது, எலி நம் குப்பைக்காக வருகிறது. அந்த மூலையில் உடைந்த மரச்சாமான், சோற்றுப் பொட்டலம் போடுவதை நாம் நிறுத்த வேண்டும். செடிகளுக்கு நடுவே தரை தெரியும்படி வைத்து, நடுவில் ஒற்றையடிப் பாதை விட்டால் பிள்ளைகள் பயமில்லாமல் பார்க்கலாம். மாதம் ஒருமுறை சுத்தம் செய்யும் பொறுப்பை நான் ஏற்கிறேன், தோட்டக்கார அண்ணாச்சியும் சரி என்றிருக்கிறார்.

நம் மாவட்டத்தில் கூந்தன்குளம் இருக்கிறது. 1994-இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு ரொம்ப காலம் முன்பிருந்தே அந்த ஊர் மக்கள் தங்கள் வீட்டு மரங்களில் நாரைகள் கூடு கட்ட விட்டிருக்கிறார்கள். எச்சம், நாற்றம், இரைச்சல் எல்லாம் உண்டு. ஆனாலும் பறவைகள் மிரளும் என்று வெடி வெடிப்பதைத் தவிர்க்கிறார்கள். எச்சம் கலந்த மண்ணையும் குளத்துத் தண்ணீரையும் வயலுக்கு உரமாக்கிக்கொள்கிறார்கள். அவர்கள் ஓர் ஊரையே பகிர்ந்துகொண்டார்கள். நாம் பகிரப் போவது நான்கு அடி.

திருநெல்வேலியில் 1912-இல் பிறந்த மா. கிருஷ்ணன் என்ற இயற்கை எழுத்தாளர், 1950 முதல் 1996-இல் மறையும் வரை ஒரே ஆங்கிலப் பத்திரிகையில் தொடர்ந்து காட்டுயிர்களைப் பற்றி எழுதினார். யானை, காட்டெருமை பற்றி எழுதிய அதே அக்கறையோடு வீட்டுச் சுவரில் திரியும் சின்ன உயிர்களைப் பற்றியும் எழுதினார். நம் ஊர்க்காரர். அவர் புத்தகம் ஒன்றைச் சங்க நூலகத்துக்கு வாங்கலாம் என்பது என் இன்னொரு வேண்டுகோள்.

அடுத்த நடை ஜூலையில், நம் வளாகத்துக்குள்ளேயே, காலை ஆறு மணிக்கு. ரயில் டிக்கெட் தேவையில்லை. செருப்பு போட்டுக்கொண்டு கீழே இறங்கி வந்தால் போதும். ஸ்ரீவைகுண்டத்தில் முதல் புழுவைக் கண்டுபிடித்த அந்த ஏழாம் வகுப்புப் பையன்தான் வழிகாட்டி. திரும்பி வரும்போது ரயிலில் அவன் என்னிடம் கேட்டான்: "தாத்தா, நம்ம எருக்கஞ்செடியையும் வெட்டிருவாங்களா?" பொதுக்குழுவில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பொதுக்குழு என்றால் நீங்கள்தான். யோசித்து வாருங்கள்.